அமெரிக்காவிற் சுகாதாரக் காப்புறுதியும் இனங்களுக்கிடையேயுள்ள செல்வ வேற்றுமையும்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தனர். நோயுற்றோன், நோய் தீர்ப்போன், மருந்து, அருகிருந்து துணைசெய்வோன் என்பன அந்நான்கு. மருந்தின் விலையை யார் கொடுப்பது என்னும் வினா அவ்வகுப்பினுள் இடம்பெறவில்லை. இன்றோ உலகின் பெருஞ்செல்வ நாடாகிய அமெரிக்க ஐக்கிய நாட்டில் மருத்துவத்தைப் பற்றி எழும் வினாக்களுள் அதுவே முன்னிற்கின்றது.

அரசினர் வைத்தியசாலையிற் கட்டணமின்றிச் சிகிச்சை பெற்றுப் பழகிய நமக்குக் காப்புறுதி என்றவுடன் ஆயுட் காப்புறுதியும் வாகனக் காப்புறுதியுமே பெரும்பாலும் நினைவுக்கு வரும். அமெரிக்காவிலோ காப்புறுதியில்லாத குடும்பம் மருத்துவத்தை அஞ்சி வாழ்கின்றது; காப்புறுதியுள்ள குடும்பமும் அதன் கட்டணத்தை எண்ணிக் கவல்கின்றது. இக்கவலை எல்லார்க்கும் ஒரு தன்மையதன்று. வெள்ளையினத்தாரின் குடும்பத்தையும் கறுப்பினத்தாரின் குடும்பத்தையும் அஃது ஒரே அளவிற் றாக்குவதில்லை. இன்றைய சட்டத்தின்படி இனத்தைப் பார்த்துச் சுகாதாரக் காப்புறுதிக் கட்டணம் விதித்தல் ஆகாது. சட்டம் சமமாயிருக்கவும் சுமை சமமின்றி இருப்பது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வருமானமும் செல்வமும்

முதலில் வருமானம் வேறு, செல்வம் வேறு என்பதைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். வருமானம் ஆண்டுதோறும் வந்து செல்வது. செல்வமோ கடன் நீக்கிய பின் கையில் எஞ்சி நிற்பது. தேசவழமையை அறிந்த யாழ்ப்பாணத்தவர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. முன்னோர்வழி வந்ததை முதுசம் என்றும், மணத்தின்போது பெண்ணுக்குக் கொடுப்பதைச் சீதனம் என்றும், வாழ்நாளில் ஈட்டியதைத் தேடியதேட்டம் என்றும் அது பிரித்தது. ஒரு குடும்பத்தின் நிலையை அறிய விரும்புவோர் அதன் மாதச் சம்பளத்தை மாத்திரம் கேட்டு அமைவதில்லை. காணி உண்டா, வீடு உண்டா, அது ஈட்டில் இருக்கின்றதா என்றுங் கேட்பர்.

அமெரிக்காவிலும் அவ்வாறே கேட்டுப் பார்த்தல் வேண்டும். அந்நாட்டுக் குடிசன மதிப்புத் திணைக்களத்தின் கணிப்பின்படி 2023ஆம் ஆண்டில் நடுநிலைக் கறுப்பினக் குடும்பம் ஒன்றின் வருமானம் 56,490 டொலர். இஸ்பானிய மரபினர் நீங்கிய வெள்ளையினக் குடும்பத்தின் வருமானம் 89,050 டொலர். குடும்பங்களை வரிசைப்படுத்தியவிடத்து நடுவில் நிற்கும் குடும்பமே ஈண்டு நடுநிலைக் குடும்பம் எனப்பட்டது. இக்கணக்கின்படி கறுப்பினத்தார் வருமானம் மற்றவர் வருமானத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு 63 வீதமாகும். இனிச் செல்வத்தைக் காண்போம். அந்நாட்டு மத்திய வங்கி 2022ஆம் ஆண்டில் நடாத்திய குடும்ப நிதி ஆய்வின்படி நடுநிலை வெள்ளையினக் குடும்பத்தின் செல்வம் 285,000 டொலர். கறுப்பினக் குடும்பத்தின் செல்வம் 44,900 டொலர். இஃது ஆறில் ஒரு பங்கினும் குறைந்தது. வருமானத்திற் காணப்படும் இடைவெளியினும் செல்வத்திற் காணப்படும் இடைவெளி மிகப் பெரிது. அமெரிக்கக் கறுப்பினத்தாரின் குறை, பெரும்பாலும் தேடியதேட்டத்தின் குறையன்று, முதுசத்தின் குறையாகும்.

அம்முதுசம் இல்லாது போனதற்குக் காரணம் வரலாற்றில் உள்ளது. அடிமை நிலையில் இருந்தவர் சொத்தாக எண்ணப்பட்டனரேயன்றிச் சொத்துடையராக எண்ணப்படவில்லை. 1865 சனவரியிற் படைத்தலைவர் சேர்மன் பிறப்பித்த கட்டளையின்படி விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு நாற்பது ஏக்கர் வரையிலான நிலம் ஒதுக்கப்பட்டது. அவ்வாண்டு முடியுமுன்னரே ஜனாதிபதி அன்ட்றூ ஜோன்சன் அதனை மாற்றிப் பழைய உடைமையாளர்க்கே நிலத்தைத் திருப்பினார். அதே ஆண்டில் விடுதலை பெற்றோர்க்கெனத் தொடங்கிய சேமிப்பு வங்கி 1874இல் முறிந்தது. ஏறக்குறைய 61,000 பேர் அதிலிட்டிருந்த முப்பது இலட்சம் டொலர் வரையிலான பணம் இடருக்குள்ளாயிற்று. சிறுகச் சிறுகச் சேர்த்தவர்க்குச் சேமிப்பின்மேல் நம்பிக்கையின்மையே பரிசாகக் கிடைத்தது.

காப்புறுதிக் கணக்கும் ஒரு பழைய வாதமும்

காப்புறுதி என்பது பலர் சிறுதொகை இட்டு, இடருற்ற சிலரைத் தாங்கும் ஏற்பாடாகும். ஊரிற் சீட்டுப் பிடிப்போர் இதன் அடிப்படையை எளிதில் உணர்வர். ஆயினும் காப்புறுதிக் கம்பனி இலாபங் கருதி நடப்பது. ஆதலின் யாருக்கு இடர் மிகுதி, யாருக்குக் குறைவு என்று அது கணக்கிடத் தொடங்கும். கணக்கிட்டு, இடர் மிக்கவரிடம் மிகுதியாக வாங்கும். அல்லது அவரை ஏற்க மறுக்கும். இவ்விடத்திலேதான் இனப்பாகுபாடு கணிதத்தின் உடை தரித்து உள்ளே புகுந்தது.

1881ஆம் ஆண்டில் புருடென்ஷல் என்னும் ஆயுட் காப்புறுதிக் கம்பனி, கறுப்பினத்தார் அதே கட்டணத்தைச் செலுத்தினும் அவர்க்குரிய தொகையில் மூன்றிலொரு பங்கைக் குறைத்தே வழங்குவதென முடிவுசெய்தது. அவர்களிடையே மரண விகிதம் மிகுதி என்பது அது கூறிய நியாயம். 1884இல் மசச்சூசெட்சு மாநிலம் இத்தகைய வேறுபாட்டைச் சட்டத்தாற் றடுத்தது. வேறு மாநிலங்களும் பின்பற்றின. அக்கம்பனியின் புள்ளிவிவர அறிஞராகிய பிரெடரிக் ஹொவ்மன் 1896இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். கறுப்பினத்தாரின் மரண விகிதத்துக்குக் காரணம் அவர் வாழும் சூழலன்று, அவர்தம் இன இயல்பே என்றும், ஆதலின் அவர்களைக் காப்புறுதி செய்தல் நயந்தராது என்றும் அந்நூல் வாதித்தது.

இதனை மறுத்தெழுந்தவருள் முதன்மையானவர் டபிள்யூ. ஈ. பி. டுபொயிஸ் என்னும் கறுப்பினப் பேரறிஞர். அவர் 1897இல் அந்நூலுக்கு எழுதிய மதிப்புரையிலும், 1899இல் வெளிவந்த பிலடெல்பியா நகர் பற்றிய தமது ஆய்வு நூலிலும், 1906இல் அத்திலாந்தா பல்கலைக்கழக வாயிலாக வெளியிட்ட உடல்நல ஆய்விலும் இவ்வாதத்தின் அடிப்படையையே அசைத்தார். இருளடைந்த வீடும், கெட்ட நீரும், குறைந்த கூலியும் உள்ள இடத்தில் எவ்வினத்தார் வாழினும் மரணம் மிகும் என்பதே அவர் கொள்கை. ஹொவ்மன் காட்டிய எண்களை அவர் மறுத்தது சிறிது; எண்களிலிருந்து அவர் கொண்ட முடிபை மறுத்ததே பெரிது. விளைவைக் காரணமெனக் கொள்வது தருக்கப் பிழை. அப்பிழை ஒரு நூலினுள் இருக்கும்வரை நூற்குற்றமாய் நிற்கும். காப்புறுதிக் கட்டண அட்டவணையில் ஏறியதும் அது குடும்பங்களின் குற்றமற்ற பணத்தைப் பறிக்கும்.

ஹொவ்மன் பிற்காலத்தில், 1917இல், கட்டாய சுகாதாரக் காப்புறுதியை எதிர்த்தும் நூல் எழுதினார் என்பது ஈண்டுக் குறிக்கத்தக்கது. அக்காலத்தில் அமெரிக்காவிற் பொதுச் சுகாதாரக் காப்புறுதிக்கு எழுந்த முதல் முயற்சி நிறைவேறாது ஒழிந்தது.

பெருங்கம்பனிகள் கைவிட்ட நிலையிற் கறுப்பினத்தார் தாமே சங்கங்களையும் கம்பனிகளையும் அமைத்தனர். 1898இல் வட கரோலைனாவிலுள்ள டேறம் நகரில் முன்னர் அடிமையாயிருந்த ஜோன் மெரிக், வைத்தியர் ஏரன் மூர் முதலியோர் தொடங்கிய காப்புறுதிக் கம்பனி அவற்றுட் புகழ்பெற்றது. ஏழைகள் வாரந்தோறும் சில சதங்கள் செலுத்தி எடுக்கும் ஈமச்செலவுக் காப்புறுதியில், கறுப்பினத்தாரிடம் மிகைக் கட்டணம் வாங்கும் வழக்கம் வேறு பல கம்பனிகளில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நிலவியது. 2000ஆம் ஆண்டையடுத்து அவற்றுட் சில வழக்குகளின் பயனாய் இழப்பீடு வழங்க இணங்கின.

தொழிலோடு பிணைந்த காப்புறுதி

சுகாதாரக் காப்புறுதி அமெரிக்காவில் வேரூன்றிய கதை ஆசிரியர்களிடமிருந்து தொடங்குகின்றது. 1929இல் ரெக்சஸ் மாநிலத்து டலஸ் நகரில் பேலர் வைத்தியசாலை, பாடசாலை ஆசிரியர்கள் மாதம் ஐம்பது சதம் செலுத்தின் ஆண்டில் 21 நாள்வரை வைத்தியசாலையிற் றங்கிச் சிகிச்சை பெறலாம் என்னும் திட்டத்தை வகுத்தது. பொருளாதார மந்தகாலத்தில் இத்திட்டம் நாடெங்கும் பரந்தது.

இரண்டாம் உலகப் போர் அதனைப் புதிய வழியிற் றிருப்பியது. 1942இன் சட்டம் கூலியுயர்வைக் கட்டுப்படுத்தியது. கூலியை உயர்த்த இயலாத தொழில்கொள்வோர் தொழிலாளரை ஈர்க்கும் பொருட்டுச் சுகாதாரக் காப்புறுதியை வழங்கத் தொடங்கினர். 1954இன் வருமானவரிச் சட்டம், தொழில்கொள்வோர் இதற்கெனச் செலுத்தும் தொகை தொழிலாளரின் வருமானமாகக் கொள்ளப்பட மாட்டாது என உறுதிசெய்தது. எல்லா மக்களுக்கும் பொதுவான காப்புறுதி வேண்டுமென 1945 நவம்பரில் ஜனாதிபதி துரூமன் காங்கிரசுக்கு விடுத்த கோரிக்கையோ வைத்தியர் சங்கத்தாரின் கடும் எதிர்ப்பால் நிறைவேறவில்லை. இவ்வாறு மருத்துவ வசதி குடியுரிமையோடு பிணையாது தொழிலோடு பிணைந்தது.

எத்தொழிலோடு பிணைந்தது என்பதே வினா. பெருந்தொழிற்சாலை, வங்கி, அலுவலகம் ஆகியவற்றின் நல்ல வேலைகளோடு அது பிணைந்தது. அக்காலத்திற் கறுப்பினத்தாருள் மிகப் பலர் வயல்வேலையிலும் பிறர் வீட்டு வேலையிலும் இருந்தனர். 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதியோர்க்கு இளைப்பாற்றுச் சம்பளம் வகுத்தபோது இவ்விரு தொழில்களையும் விலக்கியது. அதனாற் கறுப்பினத் தொழிலாளரில் ஏறக்குறைய மூன்றிலிரு பங்கினர் முதலிற் புறத்தே நின்றனர். 1950இலும் 1954இலும் வந்த திருத்தங்களே அவர்களை உள்ளே சேர்த்தன.

இதே காலத்திலேதான் வெள்ளையினத்துத் தொழிலாளர் குடும்பங்கள் வீடு வாங்கிச் செல்வம் சேர்த்தன. 1934இல் நிறுவப்பட்ட சமஷ்டி வீடமைப்பு நிருவாகம் வீட்டுக்கடனுக்குப் பிணைநின்றது. கறுப்பினத்தார் வாழும் பகுதிகளை இடர் மிக்கவையென ஒதுக்கியது. போர்வீரர் மீள்வாழ்வுக்கென 1944இல் இயற்றப்பட்ட சட்டம் சொல்லளவில் இனம் பாராதது. நடைமுறையிலோ உள்ளூர் வங்கிகளின் கையில் விடப்பட்டது. 1947இல் மிசிசிப்பி மாநிலத்தில் அச்சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட 3,229 கடன்களுள் கறுப்பின வீரர்க்குக் கிடைத்தவை இரண்டே. காப்புறுதியில்லாமையும் வீடில்லாமையும் ஒரே குடும்பத்தில் ஒருங்கே வந்தடைந்தன. நோய் வந்தபோது தாங்குவதற்குக் காப்புறுதியும் இல்லை; விற்பதற்கோ ஈடுவைப்பதற்கோ வீடும் இல்லை.

வைத்தியசாலை வாயில் திறந்த வரலாறு

1946இன் ஹில்-பேட்டன் சட்டம் நாடெங்கும் வைத்தியசாலை கட்டச் சமஷ்டிப் பணம் வழங்கியது. ஆயின் இனங்களுக்கு வேறு வேறான வைத்தியசாலைகள் சமமாய் இருப்பின் அவை ஏற்புடையன என்றும் அது விதித்தது. வட கரோலைனாவின் கிரீன்ஸ்பரோ நகரிற் பல்வைத்தியர் சிம்கின்ஸ் முதலியோர் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். 1963இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் சார்பிற் றீர்ப்பளித்தது. 1964இல் நாட்டின் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மீள ஆராய மறுத்தமையின் அது நிலைத்தது.

அவ்வாண்டிலேயே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1965 யூலை 30இல் ஜனாதிபதி ஜோன்சன் கையொப்பமிட்ட சட்டத்தால் முதியோர்க்கு மெடிக்கெயர் என்னும் காப்புறுதியும், வறியோர்க்கு மெடிக்கெயிட் என்னும் உதவியும் தோன்றின. 1966 யூலை முதலாந் திகதி மெடிக்கெயர் நடைமுறைக்கு வந்தபோது, இனப்பாகுபாடு காட்டும் வைத்தியசாலைக்கு ஒரு சதமும் இல்லை என்று அரசாங்கம் அறிவித்தது. நூற்றாண்டு காலம் அறவுரைக்கு இணங்காத வாயில்கள் சில மாதங்களுட் பணத்துக்கு இணங்கித் திறந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்ட வைத்தியசாலைகள் இனப்பிரிவினையைக் கைவிட்டன. மிசிசிப்பியிற் கறுப்பினக் குழந்தைகள் வயிற்றோட்டத்தாலும் நுரையீரலழற்சியாலும் இறப்பது அதன்பின் விரைவாகக் குறைந்ததெனப் பொருளியலறிஞர் காட்டியுள்ளனர். இனத்தின் இயல்பெனக் கூறப்பட்ட மரணம், வாயில் திறந்ததும் குறைந்தது. டுபொயிஸ் கொண்ட கொள்கைக்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஒரே கட்டணம், வேறான சுமை

இனி இன்றைய நிலையை ஆராய்வாம். தொழில்வழிக் காப்புறுதியை ஆண்டுதோறும் ஆராயும் கைசர் குடும்ப நிதியத்தின் கணக்கின்படி 1999இல் ஒரு குடும்பத்துக்கான ஆண்டுக் காப்புறுதிக் கட்டணம் சராசரி 5,791 டொலராயிருந்தது. 2024இல் அது 25,572 டொலராயிற்று. இதில் 6,296 டொலரைத் தொழிலாளரே சம்பளத்திலிருந்து செலுத்துகின்றனர். எஞ்சியதைத் தொழில்கொள்வோர் செலுத்துவதாகச் சொல்லப்படும். ஆனால் அதுவும் சம்பள உயர்வாக வந்திருக்கக் கூடியதே என்பது பொருளியலறிஞர் பலர் கருத்து.

இக்கட்டணம் வருமானத்துக்கு ஏற்பக் கூடிக்குறையும் வரிபோன்றதன்று; பெரும்பாலும் எல்லார்க்கும் ஒரே தொகையான தலைவரி போன்றது. ஆண்டுக்கு 40,000 டொலர் பெறும் தொழிலாளிக்கு 6,296 டொலர் என்பது வருமானத்தில் நூற்றுக்கு 15.7 வீதம். 160,000 டொலர் பெறும் அதிகாரிக்கு அதே தொகை 3.9 வீதமே. வரிச்சலுகையோ இதற்கு எதிர்மாறானது. வரிக்கு உட்படாத கட்டணம் 10,000 டொலர் எனக் கொண்டால், 12 வீத வருமானவரிப் படியில் நிற்பவர்க்கு 1,200 டொலர் மிஞ்சும். 32 வீதப் படியில் நிற்பவர்க்கு 3,200 டொலர் மிஞ்சும். சுமை கீழிருப்போரிடம் மிகுதி; சலுகை மேலிருப்போரிடம் மிகுதி. கறுப்பினத்தார் கீழ்ப்படிகளில் விகிதத்துக்கு மேற்பட்டு நிற்பதால், இனத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத விதி இனவேற்றுமையை வளர்க்கின்றது.

கட்டணத்தோடும் செலவு முடிவதில்லை. காப்புறுதி பணங்கொடுக்கத் தொடங்குமுன் நோயாளி தாமே செலுத்த வேண்டிய முதற்றொகை ஒன்றுண்டு. 2024இல் தொழில்வழிக் காப்புறுதி பெற்றோருள் இம்முதற்றொகை விதிக்கப்பட்ட தனியொருவர்க்கு அது சராசரி 1,787 டொலர். சேமிப்புள்ளவர்க்கு இது ஒரு தொல்லை. சேமிப்பில்லாதவர்க்கு இது தடை. அவர் வைத்தியரிடம் செல்வதைத் தள்ளிவைப்பர். தள்ளிவைத்த நோய் முதிர்ந்து பெருஞ்செலவாய்த் திரும்பும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஒரே அலுவலகத்தில் ஒரே சம்பளம் பெறும் இருவரைக் கற்பனை செய்க. ஒருவர்க்குப் பெற்றோர் விட்ட வீடு உண்டு. மற்றவர் வாடகை வீட்டில் வாழ்பவர். இருவர் வீட்டிலும் நோய் புகுந்து ஆண்டுக்கு 2,000 டொலர் செலவாகின்றது. முன்னவர் அதனை எளிதிற் செலுத்தி, வாடகையாகச் செல்லாத பணத்தில் 2,000 டொலரை ஆண்டுதோறும் முதலீடும் செய்கின்றார். பின்னவர்க்கு அவ்வாறு சேமிக்கக்கூடிய தொகை நோய்க்கே சென்றுவிடுகின்றது. ஆண்டுக்கு 5 வீத வளர்ச்சியெனக் கொண்டால் முப்பது ஆண்டில் முன்னவரின் முதலீடு ஏறக்குறைய 133,000 டொலராகும். சம்பளத்தில் வேற்றுமையில்லை, திறமையில் வேற்றுமையில்லை, சிக்கனத்திலும் வேற்றுமையில்லை. ஆயினும் இருவர் பிள்ளைகளும் வாழ்க்கையைத் தொடங்கும் இடம் வேறாகின்றது.

கடனும் வீடும்

செலுத்த இயலாத மருத்துவச் செலவு கடனாகின்றது. குடிசன மதிப்புத் திணைக்களம் 2017ஆம் ஆண்டு நிலைமையை ஆராய்ந்தபோது, கறுப்பினக் குடும்பங்களில் நூற்றுக்கு 27.9 வீதம் மருத்துவக் கடனுடையனவாயிருந்தன. இஸ்பானியரல்லாத வெள்ளையினக் குடும்பங்களில் 17.2 வீதம். மருத்துவக் கடன் ஏனைய கடன் போன்றதன்று. வீடு வாங்கக் கடன் படுவோன் வீட்டையேனும் பெறுகின்றான். நோய்க்குக் கடன் படுவோனிடம் பின்னர் விற்கத்தக்க பொருள் யாதும் இல்லை.

இக்கடன் அந்நாட்டார் ஒவ்வொருவர்க்கும் உள்ள கடன் நம்பகப் பதிவிலும் ஏறும். சமஷ்டி நுகர்வோர் நிதிப் பாதுகாப்பகத்தின் கணக்கின்படி 2021 யூனில் இப்பதிவுகளில் இருந்த மருத்துவக் கடன் 88 பில்லியன் டொலர். பதிவு கெட்டால் வீட்டுக்கடன் கிடையாது, அல்லது மிகுந்த வட்டியோடு கிடைக்கும். ஆகவே நோய் ஒருமுறை மருத்துவச் செலவாகவும், மறுமுறை வட்டியாகவும் பணத்தை வாங்குகின்றது. 2022இலும் 2023இலும் கடன் பதிவுக் கம்பனிகள் செலுத்தித் தீர்த்த மருத்துவக் கடன்களையும் 500 டொலருக்குக் குறைந்தவற்றையும் பதிவிலிருந்து நீக்கின. எல்லா மருத்துவக் கடனையும் நீக்க 2025 சனவரியில் அரசாங்கம் வகுத்த விதியை அவ்வாண்டு யூலையில் ஒரு நீதிமன்றம் செல்லாததாக்கியது.

வறியோர்க்குரிய மெடிக்கெயிட்டிலும் முதுசத்தைத் தொடும் விதி ஒன்றுண்டு. 1993இன் சட்டப்படி, 55 வயதை அடைந்தபின் நீண்டகாலப் பராமரிப்புப் பெற்றவர் இறந்தால், அச்செலவை அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து மாநிலங்கள் மீளப்பெற முயலுதல் வேண்டும். கணவன் அல்லது மனைவி உயிரோடிருக்கும்வரை இது நிகழாது. பின்னரோ வீடே விலைபோதல் கூடும். பெருஞ்செல்வர் இவ்வுதவியை நாடார். ஆதலின் அவர்தம் பிள்ளைகள் இதனால் இழப்பதும் இல்லை. ஒரு தலைமுறை உழைத்து வாங்கிய சிறுவீடு ஒன்றே முதுசமாக உள்ள குடும்பத்தில், அம்முதுசம் பிள்ளைக்குச் சேருமுன் நோய்க்குச் சென்றுவிடுகின்றது.

செலவை அளவுகோலாக்கியதன் விளைவு

அண்மையில் வெளிப்பட்ட ஒரு செய்தி ஹொவ்மன் காலத்துப் பிழை புதிய வடிவில் வாழ்வதைக் காட்டுகின்றது. பெருநோயுடையோர்க்குத் தனிக் கவனிப்பு அளிக்கும் பொருட்டு அமெரிக்க வைத்தியசாலைகளும் காப்புறுதியாளரும் கணனிக் கணிப்புமுறை ஒன்றைப் பயன்படுத்தினர். அது நோயாளியின் இனத்தைப் பார்க்கவில்லை. வருங்காலத்தில் அவருக்கு எவ்வளவு செலவாகும் என்பதைக் கணித்து, மிகுந்த செலவுடையவரே மிகுந்த நோயுடையவர் எனக் கொண்டது. 2019இல் ஓபர்மேயர் முதலிய ஆய்வாளர் சயன்ஸ் இதழில் இதன் குறையை வெளியிட்டனர். ஒரே அளவு நோயுடையராயினும் கறுப்பினத்தார்க்குச் செலவிடப்படும் பணம் குறைவு. அவர்க்குச் சிகிச்சை குறைவாகக் கிடைப்பதே அதற்குக் காரணம். செலவு குறைவாதலின் நோயும் குறைவென்று கணனி முடிவுசெய்தது. இக்குறையைத் திருத்தின் தனிக் கவனிப்புப் பெறுவோருட் கறுப்பினத்தாரின் பங்கு 17.7 வீதத்திலிருந்து 46.5 வீதமாக உயரும் என்பது அவர்கள் கண்ட முடிவு.

1896இல் மரணத்தின் மிகுதி, காப்புறுதி மறுப்பதற்குக் காரணமாயிற்று. நம் காலத்திற் செலவின் குறைவு, கவனிப்பு மறுப்பதற்குக் காரணமாயிற்று. கணக்குகள் எதிரெதிரானவை, வாயிலுக்கு வெளியே நின்றவர்கள் ஒருவரே.

2010இன் சட்டமும் அதன் எல்லையும்

2010 மார்ச்சு 23இல் ஜனாதிபதி ஒபாமா கையொப்பமிட்ட சட்டம் பெரியதொரு மாற்றத்தைத் தந்தது. 2014 முதல் முன்னரே உள்ள நோயைக் காட்டிக் காப்புறுதி மறுத்தல் தடுக்கப்பட்டது. தனியாகக் காப்புறுதி வாங்குவோரிடம் வயது, வாழிடம், குடும்ப அளவு, புகையிலைப் பழக்கம் ஆகியவற்றைக் கொண்டு மாத்திரமே கட்டணத்தை வேறுபடுத்தலாம் என்று விதிக்கப்பட்டது. வருமானம் குறைந்தோர்க்கு அரசாங்கம் கட்டண உதவியும் அளித்தது.

அறுபத்தைந்து வயதுக்குட்பட்ட கறுப்பினத்தாருட் காப்புறுதியில்லாதவர் 2010இல் நூற்றுக்கு 19.9 வீதம், 2022இல் 10.0 வீதம். வெள்ளையினத்தாருள் 13.1 வீதம் 6.6 வீதமாகக் குறைந்தது. இவ்வெண்களை இருவகையாக நோக்கலாம். இடைவெளி 6.8இலிருந்து 3.4ஆகப் பாதியாயிற்று, இது பெருநன்மை. ஆயினும் காப்புறுதியின்றி இருத்தல் அன்றும் இன்றும் கறுப்பினத்தாரிடம் ஒன்றரை மடங்கு மிகுதி, அவ்விகிதம் அசையவில்லை. பொதுநன்மை எல்லாரையும் உயர்த்தியது, வரிசையை மாற்றவில்லை.

இதற்கு ஒரு காரணம் 2012இன் தீர்ப்பாகும். மெடிக்கெயிட்டை விரிவாக்க மாநிலங்களைக் கட்டாயப்படுத்தலாகாது என்று உயர் நீதிமன்றம் கூறியது. 2025இலும் பத்து மாநிலங்கள் விரிவாக்காதிருந்தன. ரெக்சஸ், புளோரிடா, ஜோர்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, தென் கரோலைனா, ரெனெசி ஆகிய தென்மாநிலங்கள் ஏழும் அவற்றுள் அடங்கும். கறுப்பினத்தாரிற் பாதிக்கு மேற்பட்டோர் தென்பகுதியிலேயே வாழ்கின்றனர். கட்டண உதவியோ வறுமைக்கோட்டுக்கு மேலுள்ளவர்க்கே உரியது. ஆகவே அம்மாநிலங்களில் அக்கோட்டுக்குக் கீழுள்ள வளர்ந்தோர் பலர், உதவி பெறுவதற்கு வேண்டிய அளவு வருமானம் இல்லாதவர் என்ற காரணத்தால் உதவி இழந்து நின்றனர். மேலும் 2025 யூலை 4இல் வந்த சட்டம் மெடிக்கெயிட் செலவைக் குறைத்து, விரிவாக்கத்தின்கீழ் உதவி பெறும் வளர்ந்தோர்க்கு வேலை நிபந்தனையையும் விதித்தது. சட்டம் தந்ததைச் சட்டமே மீளப்பெறலாம் என்பதை இது நினைவூட்டுகின்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், செல்வ வேற்றுமைக்குச் சுகாதாரக் காப்புறுதியே முழுமுதற் காரணம் என்று கொள்ளலாகாது. அடிமைமுறையும், நிலம் மறுத்தமையும், வீட்டுக்கடன் மறுத்தமையுமே அதன் வேர்கள். காப்புறுதிமுறை அவ்வேரை நட்டதன்று. அதற்கு ஆண்டுதோறும் நீர்வார்ப்பது. செல்வம் குறைந்தவரிடம் விகிதத்தால் மிகுதியாக வாங்குகின்றது. அதனால் அவர் செல்வம் மேலுங் குறைகின்றது. குறைந்த செல்வத்தோடு அடுத்த நோயை எதிர்கொள்கின்றார். இச்சக்கரத்தின் எப்பகுதியிலும் தீயோன் ஒருவன் நிற்க வேண்டுவதில்லை. பழைய அநீதியை இன்றைய உண்மை எனக் கொண்டு, அதன்மேற் பிழையின்றிக் கணக்குப் பார்க்கும் எழுதுவினைஞன் ஒருவன் இருந்தாற் போதும்.

சம்பளம் உயர்ந்தால் எல்லாம் சரியாகும் என்பாரும் உளர். சம்பளம் உயர்தல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் தேடியதேட்டம் முழுவதையும் நோய் கொண்டுபோமாயின் முதுசம் என்றும் பிறவாது. 1966இல் வைத்தியசாலை வாயில்கள் திறந்ததும், 2010இன் பின் காப்புறுதியில்லாதார் தொகை பாதியானதும், நிலைமை மாற்றத்தக்கதே என்பதைக் காட்டுகின்றன. இனத்தின் இயல்பென்று ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாழ்வின் நிலைமையென்று எழுதினார். அவ்விருவருள் யார் சொல்லை ஒரு நாடு தன் கணக்கேட்டில் ஏற்றுகின்றதோ, அதற்கேற்பவே அந்நாட்டு ஏழையின் வீட்டில் நோய் ஒரு பருவத் துன்பமாய்க் கழியும். அன்றேல் தலைமுறைக் கடனாய் நிலைக்கும்.